மொராக்கோ அடுத்து யாரைச் சந்திக்கும்? இன்றிரவுக் கணக்கு

கத்தார் உலகக் கோப்பையில் அரபு நாடுகளின் ஆட்டம் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டது. போட்டியை நடத்தும் கத்தார் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அர்ஜென்டினாவை 2-1 என வென்று உலகையே திரும்பிப் பார்க்க வைத்த சவூதி அரேபியா, மெக்சிகோவிடம் தோற்று வெளியேறியது. நடப்பு சாம்பியன் பிரான்ஸை நேற்று 1-0 என வென்றும் துனீசியாவுக்கு அடுத்த சுற்றில் இடம் கிடைக்கவில்லை. மிச்சமிருப்பது மொராக்கோ மட்டுமே.

மொராக்கோவின் நிலை இன்று, வியாழன் (01.12.2022) இரவு தெரிந்துவிடும். "தகுதி பெற்றால் அடுத்து யாருடன்? ஜெர்மனியா, ஸ்பெயினா?" என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கேட்கிறார்கள். தொலைக்காட்சியில் சொல்லப்படும் கணக்கு பலருக்குப் புரிவதில்லை. அதை எளிமையாக விளக்குவோம். அந்தக் கணக்குக்குள் நாம் சிந்திக்க வேண்டிய வேறு சில விஷயங்களும் இருக்கின்றன.

முதலில் 'எஃப்' பிரிவு

ஒரு பிரிவில் நான்கு அணிகள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் நாக்-அவுட் சுற்றுக்குச் செல்வார்கள். புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்க்கப்படும். அதுவும் சமமானால் அடித்த கோல்களின் எண்ணிக்கை. அதற்குப் பிறகுதான் நேரடி மோதலில் யார் வென்றார்கள் என்பது.

'எஃப்' பிரிவில் குரோஷியாவுக்கு 4 புள்ளி, கோல் வித்தியாசம் +3. மொராக்கோவுக்கும் 4 புள்ளி, வித்தியாசம் +2. பெல்ஜியம் 3 புள்ளி, வித்தியாசம் -1. இரண்டிலும் தோற்ற கனடா ஏற்கெனவே வெளியேறிவிட்டது. இந்திய, இலங்கை நேரப்படி இன்றிரவு 8.30 மணிக்கு மொராக்கோ கனடாவுடனும், அதே நேரத்தில் குரோஷியா பெல்ஜியத்துடனும் மோதுகின்றன.

மொராக்கோ வென்றால் 7 புள்ளியுடன் உறுதியாகத் தகுதி பெறும். குரோஷியா வெல்லாவிட்டால் முதலிடமும் மொராக்கோவுக்கே. இரு அணிகளும் வென்றால் கோல் வித்தியாசம்தான் முடிவு செய்யும்.

மொராக்கோ சமன் செய்தால் 5 புள்ளி. மறுபுறம் என்ன நடந்தாலும் தகுதி உறுதி. ஆனால் இடம் இரண்டாவதுதான்.

தோற்றால் விஷயம் கையை விட்டுப் போகிறது. குரோஷியா பெல்ஜியத்தை வென்றால் மொராக்கோ தப்பிக்கும். அந்த ஆட்டம் சமனில் முடிந்தால், ஒன்றிரண்டு கோலில் தோற்றிருந்தாலும் தப்பிக்கும். பெல்ஜியம் வென்றுவிட்டால் வெளியேறும் ஆபத்து அதிகம்.

ஆக, குறைந்தது ஒரு புள்ளி எடுத்துவிட்டால் மொராக்கோ யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. இரண்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காத அணிக்கு இது எட்டாத இலக்கு அல்ல.

'இ' பிரிவின் ஒன்பது முடிவுகள்

'எஃப்' பிரிவில் முதலிடம் பெறும் அணி, 'இ' பிரிவின் இரண்டாமிடத்தை டிசம்பர் 6-ஆம் தேதி சந்திக்கும். 'எஃப்' பிரிவின் இரண்டாமிடம், 'இ' பிரிவின் முதலிடத்தை டிசம்பர் 5-ஆம் தேதி சந்திக்கும். இரண்டு ஆட்டங்களும் நமது நேரப்படி இரவு 8.30 மணிக்குத்தான்.

'இ' பிரிவில் இப்போது ஸ்பெயினுக்கு 4 புள்ளி (+7), ஜப்பானுக்கு 3 புள்ளி (0), கோஸ்டா ரிகாவுக்கு 3 புள்ளி (-6), ஜெர்மனிக்கு 1 புள்ளி (-1). நள்ளிரவு 12.30 மணிக்கு ஜப்பான்-ஸ்பெயின், கோஸ்டா ரிகா-ஜெர்மனி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று முடிவுகள் சாத்தியம். ஆக மொத்தம் ஒன்பது:

1. ஸ்பெயின் வெற்றி, ஜெர்மனி வெற்றி: ஸ்பெயின் முதலிடம், ஜெர்மனி இரண்டாமிடம்.
2. ஸ்பெயின் வெற்றி, மற்றது சமன்: ஸ்பெயின் முதலிடம், கோஸ்டா ரிகா இரண்டாமிடம்.
3. ஸ்பெயின் வெற்றி, கோஸ்டா ரிகா வெற்றி: அதே வரிசைதான்.
4. ஸ்பெயின்-ஜப்பான் சமன், ஜெர்மனி வெற்றி: ஸ்பெயின் முதலிடம். ஜெர்மனி இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டாமிடம் அதற்கு. ஒரு கோலில் மட்டும் வென்றால், ஜப்பானும் ஜெர்மனியும் அடித்த கோல்கள் எண்ணப்படும். அதுவும் சமமானால், ஜெர்மனியை நேரடியாக வென்ற ஜப்பானுக்கே இடம்.
5. இரண்டு ஆட்டங்களும் சமன்: ஸ்பெயின் முதலிடம், ஜப்பான் இரண்டாமிடம்.
6. ஸ்பெயின்-ஜப்பான் சமன், கோஸ்டா ரிகா வெற்றி: கோஸ்டா ரிகா முதலிடம், ஸ்பெயின் இரண்டாமிடம்.
7. ஜப்பான் வெற்றி, ஜெர்மனி வெற்றி: ஜப்பான் முதலிடம். ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் இடையே எட்டு கோல் வித்தியாசம் இருப்பதால், ஜெர்மனி கோல் மழை பொழிந்தால் ஒழிய ஸ்பெயின் இரண்டாமிடம்.
8. ஜப்பான் வெற்றி, மற்றது சமன்: ஜப்பான் முதலிடம், ஸ்பெயின் இரண்டாமிடம்.
9. ஜப்பான் வெற்றி, கோஸ்டா ரிகா வெற்றி: ஜப்பான் முதலிடம், கோஸ்டா ரிகா இரண்டாமிடம். 2010-இல் கோப்பை வென்ற ஸ்பெயினும், நான்கு முறை கோப்பை வென்ற ஜெர்மனியும் ஒரே இரவில் ஊர் திரும்ப வேண்டியதுதான்!

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மொராக்கோ முதலிடம் பெற்றால் நான்கு அணிகளில் எது வேண்டுமானாலும் எதிரே வரலாம். இரண்டாமிடம் பெற்றால் ஸ்பெயின், ஜப்பான், கோஸ்டா ரிகா ஆகிய மூன்றில் ஒன்று வரும். ஜெர்மனி எந்தக் கணக்கிலும் முதலிடம் பெற முடியாது என்பதால் அது அந்தப் பக்கம் வராது.

எளிதான எதிரணி என்று ஒன்று உண்டா?

"கோஸ்டா ரிகா வந்தால் நல்லது" என்று பலர் சொல்கிறார்கள். ஸ்பெயினிடம் 7-0 எனத் தோற்ற அணி அல்லவா! ஆனால் அதே அணிதான் நான்கு நாள் கழித்து ஜப்பானை வென்றது. 2014-இல் உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து என மூன்று முன்னாள் சாம்பியன்கள் இருந்த பிரிவில் முதலிடம் பெற்றுக் காலிறுதி வரை சென்றதும் அதே கோஸ்டா ரிகாதான். ஸ்பெயினுடன் மொராக்கோ 2018-இல் மோதி 2-2 எனச் சமன் செய்திருக்கிறது. ஜெர்மனியிடம் 1970-இலும் 1986-இலும் தோற்றிருக்கிறது. 1986-இல் இங்கிலாந்து, போலந்து, போர்ச்சுகல் இருந்த பிரிவில் முதலிடம் பெற்று, உலகக் கோப்பையில் முதல் சுற்றைத் தாண்டிய முதல் ஆப்பிரிக்க, முதல் அரபு அணி என்ற பெயரை மொராக்கோ பெற்றது. அடுத்த ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் கடைசி நிமிடங்களில் வாங்கிய ஒரே கோலில் வெளியேறியது.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு சம்பவம் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்களிடம் 'அள்பா' என்ற ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் ஒரு கிராமவாசி தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. அப்போது நபியவர்கள், உலகில் எது உயர்ந்தாலும் அதை ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தைச் சொல்லி அவர்களைத் தேற்றினார்கள். தம்முடைய ஒட்டகமே தோற்றபோது நபியவர்கள் சொன்ன வார்த்தை அது. இந்த உலகக் கோப்பையில் சவூதியிடம் அர்ஜென்டினாவும், ஜப்பானிடம் ஜெர்மனியும், மொராக்கோவிடம் பெல்ஜியமும் தோற்றதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த ஹதீஸைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நாம் ஆதரிக்கும் அணி தோற்கும் நாளிலும் அதே ஹதீஸை நினைவூட்ட வேண்டும்.

தோற்பதே லாபம் என்றால்?

இன்றிரவுக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'இ' பிரிவில் முதலிடம் பெறும் அணி, அடுத்த ஆட்டத்தையும் வென்றால் காலிறுதியில் பெரும்பாலும் பிரேசிலைச் சந்திக்க வேண்டி வரும். இரண்டாமிடம் பெறும் அணியின் பாதையில் பிரேசில் இல்லை. போர்ச்சுகல் வர வாய்ப்பு அதிகம். எனவே ஸ்பெயின் இரண்டாமிடத்தை விரும்புமோ என்று சிலர் இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஆதாரமின்றி ஒரு அணி மீது அப்படிச் சந்தேகம் கொள்வது தவறு. ஆனால் அந்த ஆசை மனிதர்களுக்கு வரக்கூடியதுதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பேட்மிண்டனில் அது நடந்தே விட்டது. நாக்-அவுட் சுற்றில் வசதியான எதிரணி கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சீனா, தென் கொரியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் நான்கு ஜோடிகள் வேண்டுமென்றே மோசமாக ஆடின. பந்தை வலையில் அடித்தார்கள், வெளியே அடித்தார்கள். அரங்கில் இருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். எட்டு வீராங்கனைகளும் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டனர்.

ஆட்டத்துக்கு வருபவர் தம் திறமை முழுவதையும் தருவார் என்று நம்பித்தான் மக்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். எதிரே நிற்பவரும் அதை நம்பித்தான் ஆடுகிறார். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். எழுதப்பட்ட விதியை மீறவில்லை என்பதால் அமானித மோசடி ஆகுமானதாகிவிடாது.

அல்ஜீரியாவுக்கு நடந்தது

இன்று கடைசி ஆட்டங்கள் ஏன் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று பிள்ளைகள் கேட்டால், அல்ஜீரியாவின் கதையைச் சொல்லுங்கள்.

1982-இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பை. முதன்முறையாக வந்த அல்ஜீரியா, ஜூன் 16 அன்று கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியை 2-1 என வென்றது. பின்னர் ஆஸ்திரியாவிடம் தோற்று, சிலியை 3-2 என வென்றது. மூன்று ஆட்டங்களும் முடிந்தன. மேற்கு ஜெர்மனி-ஆஸ்திரியா ஆட்டம் மட்டும் மறுநாள், ஜூன் 25 அன்று.

அந்த ஆட்டத்துக்கு முன் இரு அணிகளுக்கும் கணக்கு தெரியும். ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அதன் பிறகு இரு அணிகளும் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தின. 1-0 என ஆட்டம் முடிந்தது. அரங்கில் இருந்த அல்ஜீரியர்கள் ரூபாய் நோட்டைக் காட்டுவதுபோல் தங்கள் கையிலிருந்த பணத்தாள்களை அசைத்துக் காட்டினார்கள். அல்ஜீரியா முறையிட்டது, விதி எதுவும் மீறப்படவில்லை என்று கூறி ஃபிஃபா அதைத் தள்ளுபடி செய்தது.

ஆனால் அந்த அநீதி வீண் போகவில்லை. 1986 உலகக் கோப்பை முதல், ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இன்றிரவு மொராக்கோவுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதன் பக்கத்து நாடு பட்ட வலியிலிருந்து வந்தது.

போட்டி நியாயமாக நடக்க ஏற்பாடு செய்வது நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பந்தயத்துக்கென்று பக்குவப்படுத்தப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரமும், பக்குவப்படுத்தப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரமும் வைத்தார்கள். சமமில்லாதவற்றை ஒன்றாக ஓடவிடவில்லை.

மற்றவர்களின் ஆட்டமும் நம் விதியும்

ஒரே நேரத்தில் நடந்தால் மட்டும் எல்லாம் நம் கைக்கு வந்துவிடாது. 1998 ஜூன் 23 அன்று பிரான்ஸில் மொராக்கோ ஸ்காட்லாந்தை 3-0 என வென்றது. வேறோர் ஊரில் பிரேசில் நார்வேயிடம் தோற்காமல் இருந்தால் போதும். பிரேசில் முன்னிலையும் பெற்றது. ஆனால் கடைசி சில நிமிடங்களில் நார்வே ஒரு கோல் அடித்து, பிறகு ஒரு பெனால்டியும் பெற்று 2-1 என வென்றது. மொராக்கோ வெளியேறியது.

அந்தப் பெனால்டியைக் கொடுத்த நடுவர் எஸ்ஃபந்தியார் பஹர்மஸ்த் மீது கண்டனங்கள் குவிந்தன. தொலைக்காட்சிப் படங்களில் தவறு எதுவும் தெரியவில்லை. பின்னர் ஸ்வீடன் தொலைக்காட்சி ஒன்று வேறு கோணத்தில் எடுத்த படம் வெளியானது. பிரேசில் வீரர் நார்வே வீரரின் சட்டையைப் பிடித்து இழுத்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. நடுவர் சரியாகத்தான் தீர்ப்பளித்திருந்தார்! செய்தியைத் தீர விசாரிக்கவும், வீண் சந்தேகங்களை விட்டு விலகவும் அல்ஹுஜுராத் அத்தியாயம் கற்றுத் தருகிறது. இன்றிரவு நமக்குப் பிடிக்காத தீர்ப்பு ஒன்று வந்தால், "நடுவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் அந்த மனிதரை நினைத்துக்கொள்வோம்.

நேற்று துனீசியாவுக்கும் இதே கதைதான். 58-ஆவது நிமிடத்தில் பிரான்ஸுக்கு எதிராகக் கோல் அடித்தபோது இரண்டாமிடம் அதன் கையில் இருந்தது. இரண்டே நிமிடத்தில் ஆஸ்திரேலியா டென்மார்க்குக்கு எதிராகக் கோல் அடித்தது. கனவு முடிந்தது. துனீசியா தன் கடமையைக் கடைசி வரை சரியாகச் செய்தது. மீதி அதன் கையில் இல்லை. முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது என்று நாம் தினமும் சொல்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்த இரவு அது.

எதிரணி எதிரி அல்ல

ஸ்பெயின் எதிரணியாக வந்தால் என்ன நடக்கும் என்பதை இப்போதே ஊகிக்கலாம். தாரிக் பின் ஸியாத், கிரனடா, அந்தலூஸ் என்று பதிவுகள் பறக்கும். கால்பந்தைச் சிலுவைப் போராக்கிவிடுவார்கள். உண்மை நிலை என்ன? மொராக்கோவின் ஹகீமி பிறந்ததே மாட்ரிடில்தான். கோல்கீப்பர் யாஸின் பூனூவும், முன்கள வீரர் நஸைரியும் ஸ்பெயினின் செவில்லா கிளப்பில் ஆடுபவர்கள். பயிற்சியாளர் வலீத் ரக்ராகி பிரான்ஸில் பிறந்தவர். அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். அவர்கள் எதிர்கொள்ளப்போவது தங்கள் பள்ளித் தோழர்களையும் சக வீரர்களையும்தான்.

போர்க்களத்தில்கூட எதிரியைச் சந்திக்க ஆசைப்படாமல் அல்லாஹ்விடம் நலத்தைக் கேட்கவும், சந்திக்க நேர்ந்தால் உறுதியாக நிற்கவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். உண்மையான எதிரி விஷயத்திலேயே இந்த நிதானம் என்றால், விளையாட்டில் எதிரே நிற்பவரிடம் எவ்வளவு கண்ணியம் வேண்டும்!

வெற்றியைக் கொண்டாடுவதிலும் ஒழுங்கு வேண்டும். கடந்த ஞாயிறு பெல்ஜியத்தை மொராக்கோ வென்றதும் வீரர்கள் மைதானத்தில் சுஜூது செய்தார்கள். அதே மாலை பிரஸ்ஸல்ஸ் தெருக்களில் சிலர் வாகனத்துக்குத் தீ வைத்தார்கள். இரண்டும் ஒரே வெற்றிக்காக! நம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டப்போகிறோம்?

இன்றிரவு நம் வீட்டில்

முதலாவது, தொழுகை. மொராக்கோவின் ஆட்டம் 8.30-க்குத் தொடங்குவதால் இஷாவை ஜமாஅத்துடன் முடித்துவிட்டே உட்காரலாம். 10.30 வாக்கில் முடிந்துவிடும். 'இ' பிரிவு ஆட்டங்கள் முடிய அதிகாலை 2.30 ஆகும். ஃபஜ்ர் ஐந்து மணியை ஒட்டி வருகிறது. விடிந்தால் ஜும்ஆ நாள். இஷாவுக்குப் பின் வீணாக விழித்திருப்பதை நபியவர்கள் விரும்பவில்லை. மேலே உள்ள ஒன்பது வரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு உறங்கச் சொல்லுங்கள். ஃபஜ்ர் தொழுதுவிட்டு முடிவைப் பார்த்தால் எதிரணி யார் என்று தெரிந்துவிடும். பள்ளி, கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு இதுவே நல்லது.

இரண்டாவது, பந்தயம். இத்தனை முடிவுகள் சாத்தியம் என்பதால்தான் சூதாட்டச் செயலிகள் இந்த இரவுகளில் கொழிக்கின்றன. இரு தரப்பும் பணம் வைத்து, ஜெயித்தவர் எடுத்துக்கொள்வது மைசிர், அதாவது சூது. நுழைவுக் கட்டணம் கட்டி அணி அமைக்கும் ஆட்டங்களும் இதில் சேரும். "தோற்றவன் பிரியாணி வாங்கித் தர வேண்டும்" என்று நண்பர்கள் பேசிக்கொள்வதும் இதே வகைதான். தொகை சிறியது என்பதால் சட்டம் மாறாது. பிரியாணி சாப்பிட ஆசையா? ஒருவர் மனமுவந்து எல்லோருக்கும் விருந்து வைக்கட்டும். அதில் நன்மையும் உண்டு.

மூன்றாவது, வார்த்தை. தோற்றால் வீரர்களைத் திட்டுவது, ஜெயித்தால் பக்கத்து வீட்டாரைச் சீண்டுவது இரண்டும் வேண்டாம். பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்ப்பதைவிட, ஆட்டம் பார்க்கும் அத்தாவைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

மொராக்கோ முதலிடம் பெறுமா, இரண்டாமிடம் பெறுமா, எதிரே வருவது ஜப்பானா, ஸ்பெயினா என்பது நாளை காலை தெரியும். யார் வந்தாலும் நேர்மையாக ஆடி வெல்லட்டும். தோற்க நேர்ந்தால் தலைநிமிர்ந்து வெளியே வரட்டும். நம் வீடுகளில் இன்றிரவு இஷாவும் நாளை ஃபஜ்ரும் தவறாமல் இருக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளை நல்லவற்றில் மகிழ்பவர்களாகவும், வரம்பு மீறாதவர்களாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.